கெஞ்சுகிற இங்கிலீஷ்

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. ரேஷன் கடையில் எடை குறைந்தால் வரிசையில் நிற்கிற பத்து பேருக்கும் சேர்த்து நான்தான் கத்துவேன். சிங்கவரம் போகிற டவுன் பஸ்ஸில் "உள்ள போ, உள்ள போ" என்று கண்டக்டர் என் முதுகில் கை வைத்தால், அடுத்த ஸ்டாப் வருவதற்குள் அவர் அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவிப்பார். "இந்த வாய வெச்சிக்கிட்டு எவன் வூட்ல போய்க் குப்பை கொட்டப் போறாளோ" என்று அம்மா மாசத்துக்கு நாலு தடவையாவது சொல்வாள். நானும் மாசத்துக்கு நாலு தடவை அவளோடு அதற்கே சண்டை போடுவேன்.

அப்பேர்ப்பட்ட நான், ஒரு ஆளை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று படியேறிப் போய், "சாரி சார், தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு எரிகிறது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். மண்ணைப் பற்றி மேல்படிப்பு படிக்க வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம் எனக்கு இடம் கொடுத்திருந்தது. செலவையும் தாங்களே பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. மேல்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதுகிற இங்கிலீஷ் பரீட்சையில் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதியிலும் ஆறரைக்குக் குறையாமல் வாங்க வேண்டும். முதல் தடவை மூன்றில் ஏழுக்கு மேல் வாங்கினேன். பேசுவதில் ஐந்தரை. பேசுவதில்! எங்கள் தெருவில் அதைக் கேட்டவர்கள் நம்பவே இல்லை.

ஐந்தரை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். சென்னையில் ஒரு ஓட்டல் அறையில் பரீட்சை. கேள்வி கேட்கிறவர் உள்ளே வந்ததும் நான் விருட்டென்று எழுந்து நின்று, "குட்... மார்னிங்... சார்" என்று இழுத்துப் பாடினேன். அந்த மனிதர் தனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். உட்காரச் சொல்லி ரெண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் அவர் எதைக் கேட்டாலும் யெஸ் சார். மழை நல்லதா, யெஸ் சார். மழை தொல்லைதானே, யெஸ் சார். கடைசியில், "கிராமத்து வாழ்க்கை ரொம்ப சுலபம், அங்கே பெரிதாக வேலை ஒன்றும் இருக்காது என்று சிலர் சொல்கிறார்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார். "யெஸ் சார். ஐ அக்ரீ சார்" என்றேன்.

அந்த வாரம்தான் எங்கள் கொல்லியில், வயலில், மல்லாட்டை பிடுங்கினார்கள். நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மழை இல்லாமல் இறுகிக் கிடந்த தரையில் செடியைப் பிடித்து இழுத்து இழுத்து அம்மாவின் உள்ளங்கை ரெண்டும் கொப்பளித்திருந்தன. பரீட்சைக்குப் போன அன்று காலையில் அந்தக் கைக்கு மருந்து தடவிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். பெரிதாக வேலை ஒன்றும் இல்லையாம். யெஸ் சாராம். அதையே தமிழில் எவனாவது கேட்டிருந்தால் அவன் வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். மார்க் வந்த மறுநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "இன்னொரு தபா எழுதிப் பாரு. அதுவும் வரலன்னா, வல்லத்துலேர்ந்து கேட்டு வந்தாங்களே, அந்த எடத்தை முடிச்சிடலாம்" என்றார். வல்லத்து மாப்பிள்ளை நல்லவராகவே இருக்கட்டும், எனக்கு அவர் மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தை நான் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். அதை விட முடியாது.

அதற்காகத்தான் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செருப்புக் கடையின் மாடியில் நடந்த கோச்சிங் வகுப்பில் சேர்ந்தேன். நாற்பது வயதைத் தாண்டிய சார். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன். படிக்கட்டு முடிகிற இடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும். அங்கேயே சுவரில் ஒரு போர்டு. "இங்கிலீஷ் ப்ளீஸ்." செருப்போடு சேர்த்துத் தமிழையும் அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். யாராவது தெரியாத்தனமாக "அய்யய்யோ" என்றால்கூட சார் வாயைத் திறக்க மாட்டார், விரலை மட்டும் போர்டுப் பக்கம் நீட்டுவார்.

பாடம் நடத்துகிற முறை இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். ஒரு பிஸ்கட் டின். அதற்குள் நாற்பது சீட்டு, நாற்பது கேள்வி. நாற்பதுக்கும் சார் எழுதிய நாற்பது பதில், ஜெராக்ஸ். அதை வரி மாறாமல் மனப்பாடம் செய்ய வேண்டும். வகுப்பில் பதினாலு பேர். உங்களுக்குப் பிடித்த உறவினர் யார் என்று கேட்டால் பதினாலு பேருக்கும் ராணுவத்தில் இருக்கிற ஒரே மாமா. நீங்கள் புகார் செய்த சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றால் பதினாலு பேரும் வாங்கிய செல்போன் ஒரே வாரத்தில் ரிப்பேர், கடைக்காரர் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்துவிட்டார், பதினாலு பேருக்கும் பரம சந்தோஷம். நாங்கள் ராஜகிரிக் கோட்டையை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் சுற்றுலா போன இடம் என்றால் பதினாலு பேரும் கடற்கரைக்குத்தான் போயிருக்கிறோம்.

தினமும் பத்து வார்த்தை வேறு. ஏராளம் என்று சொல்ல 'ப்ளெத்தோரா' என்று ஒன்று. எந்த வாக்கியத்தில் சொருகினாலும் மார்க் ஏறும் என்பார். ஒரு நாள் ரசத்தில் மிளகு அதிகமாகிவிட்டது. "ப்ளெத்தோரா ஆஃப் மிளகு" என்றேன். "கெட்ட வார்த்தை எல்லாம் எங்கடி கத்துக்கினு வர்ற" என்று அம்மா கரண்டியை எடுத்துவிட்டாள். அப்புறம் பேச்சுப் பயிற்சி. ரெண்டு நாற்காலி போட்டு, சார் கேள்வி கேட்பவராக உட்காருவார். கதவைத் தட்டி "மே ஐ கம் இன் சார்" என்று கேட்டு உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் சார் என்று முடிய வேண்டும். என்ன வியாதியால் எனக்கு ஐந்தரை வந்ததோ அதையே அவர் மருந்தென்று புகட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அது தெரியவில்லை.

வகுப்பில் எனக்கு ஒரே ஒரு துணை. என்னைவிட ஆறு வயது பெரியவள், செஞ்சிக்காரி, முஸ்லிம் வீட்டுப் பெண். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நர்சிங் படித்துவிட்டுத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் இன்சூரன்ஸ் பிரிவில் உட்கார்ந்திருந்தாள். நோயாளிக்கு இன்சூரன்ஸ் மறுத்தால் கம்பெனிக்காரர்களிடம் போனில் இங்கிலீஷில் மல்லுக்கு நிற்பதுதான் அவள் வேலை. பேசுவதில் ஏற்கெனவே ஏழரை வாங்கிவிட்டாள். எழுதுவது மட்டும் தகராறு பண்ணிக்கொண்டிருந்தது, அதற்காக வந்துகொண்டிருந்தாள்.

ரெண்டாவது பரீட்சைக்கு ஒரு மாசம் இருந்தது. ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறேன், நைனா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"உங்க சார் போன் பண்ணாரு."

"எதுக்கு?"

"நீ புத்திசாலிதானாம். ஆனா கூச்ச சுபாவமாம். பேச வராதாம். மறுபடியும் எழுதி மனசு ஒடஞ்சி போறதுக்கு, நல்ல எடம் வந்தா முடிச்சிடுங்கன்னாரு."

அடுப்பங்கரையில் அம்மா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. "கூச்ச சுபாவமா? இவளா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ இன்னா நைனா சொன்ன?" என்றேன்.

"நான் இன்னாத்த கண்டேன்? படிச்சவரு சொல்றாரு. வெள்ளிக்கிழம வரச் சொல்லி வல்லத்துக்குச் சொல்லி அனுப்பலாமான்னு பாக்குறேன்."

எனக்கும் நைனாவுக்கும் அன்று நடந்ததை எழுத மாட்டேன். தெருவே கேட்டது, அது போதும். கடைசியில், "சரி, பரீட்சை முடியட்டும். இதான் கடைசி" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லிக்குப் போய்விட்டார்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போதே வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். எங்க நைனாவுக்குப் போன் பண்ண நீங்க யாரு? எனக்குக் கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்லி உங்ககிட்ட நான் கேட்டேனா? எல்லாம் அச்சு வார்த்த மாதிரி வரிசையாக நின்றது. படியேறினேன். பழக்க தோஷம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

"சார், எங்க நைனாவுக்கு எதுக்கு போன் பண்ணீங்க?"

அவர் விரலை நீட்டினார். "இங்கிலீஷ் ப்ளீஸ்."

பதிமூணு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வார்த்தை தெரியாமல் இல்லை. ப்ளெத்தோரா தெரியும், இன்னும் அதைப் போல் முந்நூறு தெரியும். ஆனால் இங்கிலீஷில் நான் யாரையும் கோபித்துக்கொண்டதே இல்லை. ஒண்ணாம் வகுப்பிலிருந்து எனக்கு வந்து சேர்ந்த இங்கிலீஷ் எல்லாம் ஒரே ரகம். மே ஐ கம் இன் மிஸ். மே ஐ ட்ரிங்க் வாட்டர் மிஸ். எக்ஸ்க்யூஸ் மி சார். அப்புறம் அந்த லீவ் லெட்டர். காய்ச்சலால் அவதிப்படுவதால் தயவுகூர்ந்து விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இத்தனை வருஷமாக இங்கிலீஷில் நான் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். அந்த மூட்டையைத் திறந்தால் வேறென்ன விழும்?

"சாரி சார்" என்றேன்.

"இட்ஸ் ஓகே. கோ ஹோம். டேக் ரெஸ்ட்."

"தேங்க்யூ சார்."

கடவுளே, தேங்க்யூ வேறு சொன்னேன்! எப்படிப் படியிறங்கினேன், எப்படி ரோட்டைத் தாண்டினேன் என்று தெரியாது. பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் காலில் செருப்பில்லை என்பதே தெரிந்தது. அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். பக்கத்தில் கூடையை வைத்துப் பூக்கட்டிக்கொண்டிருந்த பூக்கார அம்மா, "இன்னாமா, பர்ஸ் தொலைஞ்சிபோச்சா?" என்று கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள், என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. அதைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தாளு ஏன் போன் பண்ணாரு தெரியுமாடி? பரீட்சை முடிஞ்சா ஃப்ளெக்ஸ் வைப்பாரில்ல? 'எழுதிய அனைவரும் வெற்றி'ன்னு போடணும். தேறாதுன்னு நெனைக்கிறவங்கள எல்லாம் எழுதவுடாம ஒதுக்கிடுவாரு. போன வருஷம் ரெண்டு பேருக்கு இப்படித்தான் வீட்டுக்குப் போன் போச்சு."

"அப்ப நான் தேறாத கேசா?"

"இங்கிலீஷ்ல நீ தேறாத கேசுதான்" என்றாள், கொஞ்சம்கூட இரக்கமில்லாமல். "தமிழ்ல பேசறப்ப ராட்சசி மாதிரி இருக்குற. இங்கிலீஷ்ல வாயத் தொறந்தா யார் வீட்டு வாசல்லயோ நிக்கிற மாதிரி இருக்குது. உனக்கு வார்த்தை வேணாம். எங்கூட சண்டை போடு."

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் வகுப்பு. கட்டின ஃபீஸை விடுவானேன் என்று மாடிக்கும் போய்க்கொண்டுதான் இருந்தேன். அங்கே மனப்பாடம் முடிந்ததும், சிங்கவரம் பஸ் வருகிற வரைக்கும் அந்தச் சிமெண்டு பெஞ்சில் சண்டை. அக்கா மூன்று சட்டம் போட்டாள். சார் கூடாது, சாரி கூடாது, ப்ளீஸ் கூடாது. முதல் நாள் பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதைப் பற்றி. நான் துண்டு போட்டு வைத்திருந்த சீட்டில் அவள் உட்கார்ந்துவிட்டாள், நான் எழுப்ப வேண்டும். அவள் இன்சூரன்ஸ்காரனிடம் பேசுகிற குரலை எடுத்தாள். ரெண்டே நிமிஷத்தில் என் சீட்டை அவளுக்கே கொடுத்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டுவிட்டேன்.

பூக்கார அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. நிஜச் சண்டை என்று நினைத்து முதல் நாள் குறுக்கே வந்து, "ஏம்மா, படிச்ச பொண்ணுங்க, நடு பஸ் ஸ்டாண்டுல நின்னு இப்படியா?" என்று எங்களை விலக்கிவிட்டாள். பயிற்சி என்று விளக்கிச் சொன்னதும் அவளுக்குச் சுவாரசியம் பற்றிக்கொண்டது. நார் பிரித்துக்கொண்டே கேட்பாள். பஸ் வந்ததும் தீர்ப்பு.

"இன்னிக்கும் நீதான்மா தோத்த."

"உங்களுக்குத்தான் நாங்க பேசறது புரியலயே?"

"புரியணுமா இன்னா? நீ கெஞ்சற. அது காதுலயே கேக்குதே."

ஒரு வாரம் தினமும் அதே தீர்ப்பு. குழாயைத் திறந்துவிட்டுப் போனது யார் என்பதில் தோற்றேன். கடன் வாங்கிய புடவையில் சாம்பார் கொட்டியதில் தோற்றேன். அக்காதான் புடவையில் சாம்பாரைக் கொட்டினாள், நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பூக்கார அம்மா என்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு பரிதாபம் வந்துவிட்டது. என் பிறவியில் யாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்ததில்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, அக்கா எந்த விஷயம் என்று சொல்லாமலே ஆரம்பித்துவிட்டாள். இங்கிலீஷில், ரொம்ப நிதானமாக. "உங்க சார் சொன்னதுதான் சரி. உங்க நைனா செய்யறதும் சரி. நீ எங்கேயும் போகப் போறதில்ல. வல்லத்துல போய் மல்லாட்டை ஆஞ்சிக்கிட்டு இரு. அதுவும் சுலபமான வேலைதானே, நீயே பரீட்சையில சொல்லியிருக்க."

அந்த யெஸ் சார் கதையை நான் அவள் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன். அதை எடுத்து என் முகத்திலேயே அடித்தாள்.

"நோ!" என்றேன்.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் டிரைவர் திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் நிற்கவில்லை. சுலபமா? எங்க அம்மா கைய வந்து பாரு. ஒரு செடி, ஒரே ஒரு செடி புடுங்கிக் காட்டு. எனக்குப் பேச வராதுன்னு சொல்ல அவன் யாரு, நீ யாரு? இலக்கணம் எல்லாம் நொண்டியது, இருந்தது இருக்கிறது எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டது, ப்ளெத்தோரா ஒரு இடத்தில்கூட வரவில்லை. ஆனால் இங்கிலீஷ். எல்லாம் இங்கிலீஷ். பேசி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"நல்லா இருந்திச்சிடி" என்றாள். "கடைசியா 'யூ டாங்கி'ன்னு சொன்ன பாரு, அத மட்டும் பரீட்சைல வுட்டுடு."

பூக்கார அம்மா கட்டிக்கொண்டிருந்த கதம்பத்தில் ஒரு துண்டைக் கிள்ளி என் மடியில் போட்டாள். "இன்னிக்குதாம்மா நீ பேசுன."

பரீட்சைக்கு நைனாவே செஞ்சி வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார். பஸ் கிளம்புகிறபோது ஜன்னல் பக்கம் வந்து, "சாப்ட்டு எழுது" என்று மட்டும் சொன்னார்.

இந்தத் தடவை கேள்வி கேட்டவர் ஒரு பெண்மணி, தலை நரைத்தவர். அவர் உள்ளே வந்தபோது என் முழங்கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது, நாற்காலியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே வணக்கம் சொன்னேன். சீட்டைக் கொடுத்தார். நீங்கள் புகார் செய்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். டின்னில் இருந்த சீட்டேதான்! சந்தோஷத்தில், "லாஸ்ட் இயர் ஐ பாட் எ மொபைல் போன்" என்று சாருடைய ஜெராக்ஸ் வாயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ரெண்டு வரி சொல்லியிருப்பேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். இந்தப் போன் கதையை அன்றைக்கே எத்தனை பேரிடம் கேட்டாரோ, முகத்தில் அப்படி ஒரு சலிப்பு.

நிறுத்தினேன். "நோ" என்றேன். "இது உண்மையில்லை. உண்மையை இப்போது சொல்கிறேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, படியேறிப் போனது, போர்டு, நீட்டிய விரல், சாரி, தேங்க்யூ, செருப்பில்லாமல் இறங்கி வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். நான் புகார் செய்யப் போய்த் தோற்ற கதை அது. அவர் பேனாவை மறுபடியும் எடுத்தார். முடித்ததும் ஒரு கேள்வி போட்டார். எப்போது பார்த்தாலும் குறை சொல்கிறவர்களோடு சேர்ந்து வாழ்வது கஷ்டம்தான், இல்லையா?

"நோ. ஐ டோன்ட் அக்ரீ" என்றேன். எங்கள் ஊர் ரேஷன் கடையில் ஒருத்தி கத்தினால்தான் பின்னால் நிற்கிற பத்து பேருக்கு எடை சரியாகக் கிடைக்கும், கத்துகிறவளோடு வாழ்வது கஷ்டமாக இருக்கலாம், ஆனால் அந்தப் பத்து பேரும் அன்றைக்கு வயிறாரச் சாப்பிடுவார்கள் என்றேன். சார் என்று ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. அங்கே இருந்தது சாரே இல்லை என்பது வேறு விஷயம், மேடமும் சொல்லவில்லை.

பேசுவதில் ஏழு வந்தது, மற்ற மூன்றிலும் முன்பு போலவே ஏழுக்கு மேல். போனில் மார்க்கைக் காட்டியபோது நைனா அதை வாங்கித் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவரே வல்லத்துக்குப் போன் போட்டார். "பொண்ணு படிக்கப் போவுதுங்க. இல்லீங்க, இப்ப முடியாதுங்க" என்று அவர் சொன்னதை அடுப்பங்கரையிலிருந்து நானும் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஒரு வாரம் கழித்து செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறேன், எதிரே செருப்புக் கடை மாடியில் ஆள் உயரத்துக்கு நான். ஃப்ளெக்ஸ். வகுப்பில் சேரும்போது கொடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே யாருடையதோ ஒரு கோட்டு மாட்டி, தலையில் பட்டமளிப்புக் குல்லா. பக்கத்தில் பெரிய ஏழு. "எங்கள் பயிற்சியில் பேசக் கற்ற மாணவி." பேசக் கற்றேனாம். இவரிடம்!

அதே படிக்கட்டு. உள்ளே புதிதாகச் சேர்ந்தவர்கள் எட்டு பத்து பேர் மாமா ராணுவத்தில் இருப்பதை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சாருக்கு முகமெல்லாம் பல். கை தட்டச் சொன்னார். தட்டினார்கள். தட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன்.

"என் போட்டோவை எடுங்கள்" என்றேன் இங்கிலீஷில். "என்னைக் கேட்காமல் வைத்திருக்கிறீர்கள். எனக்குப் பேச வராது என்று எங்கள் நைனாவிடம் சொன்னது நீங்கள். நான் பேசக் கற்றது உங்களிடம் இல்லை."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாம்மா நீ, உக்காரு, உக்காந்து பேசலாம். உனக்குப் பெருமைதான..."

விரலை நீட்டினேன். "இங்கிலீஷ் ப்ளீஸ்."

அவர் வாயைத் திறந்தார். அந்த வாயை எனக்குத் தெரியும். நாற்பது சீட்டும் அவர் எழுதியதுதான், அதில் எதிலும் இதற்குப் பதில் இல்லை.

"சாரி, மேடம்" என்றார்.

என்னுடைய சாரி அது. அதே குரல், அதே குனிவு. அவருக்கும் எவரோ ஒருவர் விரலை நீட்டித்தான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அக்காவும் பூக்கார அம்மாவும் எதிர்ப்பக்கம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ளெக்ஸ் அங்கேயேதான் இருந்தது. கோட்டு இருந்தது, குல்லா இருந்தது, எங்கள் பயிற்சியில் என்பதும் இருந்தது. பெரிய ஏழு பளபளவென்று இருந்தது. என் முகத்தின் மேல் மட்டும் சார் ஒரு வெள்ளைத் தாளை அளவெடுத்து ஒட்டியிருந்தார்.

"மார்க்கு இருக்குது, உன் மூஞ்சியதாம்மா காணோம்" என்றாள் பூக்கார அம்மா.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "போலாமா? இன்னிக்கு எந்த பாஷை?"

"தமிழு" என்றேன். ரோட்டைத் தாண்டி, செருப்பைக் கழற்றாமல் படியேறினேன்.